சித்தப்பா மகளின் போனில் மட்டும்

ஒரு விளையாட்டுக்கு அரசாங்கம் தடை போட்டால் யார் அழப்போகிறார்கள் என்று மேலே இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். நீலசந்திராவில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் அழுதோம். எல்லையில் சண்டை, அதனால் அந்த நாட்டுச் செயலிகள் வேண்டாம் என்று டிவியில் ஒருவர் சொன்னார். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், நல்ல காரியம் என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். காரணம் எதுவானாலும் போனில் விளையாட்டைத் திறந்தால் திறக்கவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி பொறுக்கி, எதிரிகளைச் சுட்டு, கடைசி ஆளாக உயிரோடு நிற்க வேண்டிய விளையாட்டு அது. அதில் நான்தான் எங்கள் கட்டடத்தின் ராணி. கணக்கில் மக்கு, ஓடச் சொன்னால் விழுந்துவிடுவாள் என்றெல்லாம் பள்ளியில் பெயர் வாங்கியிருந்த என்னை, பத்தாம் வகுப்பு அண்ணன்கள் "நீ எங்க டீம்ல வாம்மா" என்று கூப்பிடுவார்கள். வேறெங்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த மரியாதை ஒரே காலையில் போயிற்று. ஆனாலும் யாரிடமும் விளையாட்டு இல்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. ராஜ்ஜியமே போய்விட்ட பிறகு ராணி மட்டும் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை அல்லவா?

அந்த ஆறுதல் ஞாயிற்றுக்கிழமை வரைதான் நிலைத்தது.

சித்தப்பாவுக்கு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடை. சித்தி ஒரு வளைகுடா நாட்டில், யாரோ ஒரு பணக்காரர் வீட்டில் சின்னப் பையனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். ஞாயிறன்று கடையில் கூட்டம் நெரியும் என்பதால், சித்தப்பா தன் மகளை எங்கள் வீட்டில் விட்டுப்போவார். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ரொம்பப் பேசமாட்டாள். அன்று சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போனை எடுத்தாள். காதில் இயர்போன் மாட்டினாள். திரையில் விமானம் பறந்தது. என் விமானம்.

"எப்படிடி உனக்கு மட்டும் ஓடுது?"

"எங்கப்பா ஏத்திக் குடுத்தாங்க அக்கா."

சித்தப்பாவின் கடையில் அப்போது இதுதான் வியாபாரம் என்பது பிறகு தெரிந்தது. வேறு நாட்டுப் பதிப்பு ஒன்றை எங்கிருந்தோ இறக்கி, நாம் அந்த நாட்டில் உட்கார்ந்து ஆடுவதுபோல் ஏமாற்றும் இன்னொரு செயலியையும் சேர்த்து, போனில் ஏற்றிக் கொடுப்பார். உடைந்த டிஸ்பிளே மாற்ற மட்டும் ஆட்கள் வந்துபோன கடையில் இப்போது காலேஜ் பையன்கள் வரிசை கட்டினார்கள். சித்தப்பாவின் தொழிலுக்கு அரசாங்கம் அவ்வளவு பெரிய உதவியை அதற்கு முன்பு செய்ததில்லை.

நானும் கேட்டேன். "உங்கப்பா ஓகேன்னா ரெண்டே நிமிஷம் கண்ணு" என்றார் சித்தப்பா. ஆனால் எங்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் அப்பாவுடையது. அப்பா ஒரு அரசு அலுவலகத்தில் ஜீப் டிரைவர். சிக்னலில் ஆளே இல்லாவிட்டாலும் சிவப்பு மாறும்வரை நிற்பவர்.

"கவர்மென்ட் வேணாம்னா வேணாந்தான். திருட்டுத்தனமா ஏத்துற வேலையெல்லாம் இந்த வீட்ல நடக்காது" என்று சொல்லிவிட்டுத் தட்டில் கை கழுவினார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அதன்பிறகு ஞாயிறு என்றாலே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் மொட்டை மாடியில் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என்னை டீமுக்குக் கூப்பிட்ட அண்ணன்கள் அவளுக்கு முறுக்கு வாங்கி வந்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவள் ஆடிய லட்சணத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சண்டை நடக்கும் ஊர்ப்பக்கமே போகமாட்டாள். வரைபடத்தின் ஓரத்தில் குதித்து, ஒரு சின்ன வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு நிற்பாள். கூடவே ஒரு பார்ட்னர். பூப்போட்ட பாவாடை உடுத்திய ஒரு உருவம். அதற்குத் துப்பாக்கி எடுக்கக்கூடத் தெரியாது. சுவரில் முட்டிக்கொள்ளும், உட்காரும், எழுந்திருக்கும். இருவரும் எதிரெதிராக நிற்பார்கள். அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாள். ஆட்டக்களத்தின் வட்டம் சுருங்கிவந்து, அதற்கு வெளியே மாட்டி இருவரும் செத்துப்போவார்கள். உடனே இன்னொரு ஆட்டம். அதே மாதிரி இன்னொரு வீடு.

"சும்னே நின்னுனே இருக்கா" என்று பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சலித்து இறங்கிப்போனார்கள். நான் மட்டும் போகவில்லை. கையில் நிறைந்த வாளியை வைத்துக்கொண்டு குளிக்காமல் நிற்பவளை, குழாயடியில் தண்ணீர் கிடைக்காதவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் பார்ட்னர் சரியான தத்திடி. அவள வெட்டி விட்டுட்டு என்கிட்ட குடு, ஜெயிச்சுக் காட்டறேன்."

எதற்கும் கோபப்படாதவள், இயர்போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. "அப்படிச் சொல்லாத அக்கா. இது முடியட்டும், அப்புறம் எவ்ளோ நேரம் வேணா நீயே ஆடு."

சொன்னபடியே கொடுத்தாள். பூப்பாவாடை கிளம்பிப்போன பிறகு நான் ஆடினேன், ஜெயிக்கவும் செய்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் தொட்டிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்ததை அவள் பார்க்கவில்லை என்பதே என் ஜெயத்தைப் பாதியாக்கிவிட்டது.

பிறகு ஒரு ஞாயிறு, அந்தத் திருட்டுப் பதிப்பும் திறக்கவில்லை. புதிதாக எதையோ ஏற்றச் சொல்லித் திரையில் புரியாத மொழியில் எழுத்து வந்து நின்றது. அவள் முதலில் பத்து தடவை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் படியிறங்கி ஓடிவந்து, என் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க முடியாமல் அழுதாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இனி இவளும் எங்களைப் போலத்தான்.

அம்மா சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அப்படியே விட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு, சித்தப்பா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஒரு விளையாட்டுக்காகக் கடையை மூடுகிற அப்பா! எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து புதுப் பதிப்பைத் தேடினார். அவர் போனில் நெட் ஊர்ந்தது. மகள் சுவர்க்கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரந்தாம்பா, அந்தத் தம்பி எழுந்துடுவான்" என்றாள். எந்தத் தம்பி என்று நான் கேட்டேன். சித்தப்பா போனை இன்னும் வேகமாகத் தட்டினார்.

அப்போது அப்பா உள்ளேயிருந்து வந்தார். திட்டப்போகிறார் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவர் தன் போனை எடுத்து, ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, சித்தப்பாவின் முன்னால் நீட்டினார்.

"என் நெட்டுல போடுடா. சீக்கிரம் வரும்."

"வேணாம் ணா, உங்களுக்குப் புடிக்காது..."

"போடுன்னா போடு."

சிக்னல் சரியாக இல்லையென்று, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலித்தபோது மற்ற கைக்கு மாற்றினார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "எனக்கு மாட்டேன்னாரு. அவளுக்கு மட்டும் அவரே பண்றாரு" என்று அம்மாவிடம் பொருமினேன்.

"அவளுக்கு வேணும்டி."

"எனக்கு வேணாமா?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக் காபிக்குப் பால் வைத்தாள்.

சித்தி ஊருக்கே திரும்பி வந்துவிட்ட பிறகு, நான் கல்லூரியில் படிக்கும்போது, அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்த வளைகுடா நாட்டில் போனில் இலவசமாகப் பேசும் செயலிகளுக்கெல்லாம் தடையாம். காசு கொடுத்துக் கூப்பிட அவள் சம்பளம் தாங்காது. அவள் பார்த்துக்கொண்ட பையனிடம் இந்த விளையாட்டு இருந்தது. ஒரே அணியில் இருப்பவர்கள் அதில் பேசிக்கொள்ளலாம். மத்தியானம் பையன் தூங்கும் நேரத்தில் அவன் டேப்லெட்டை எடுத்து அவள் ஆட்டத்தில் இறங்குவாள். அந்த வீட்டுக்காரர்கள் காதுக்கு எட்டினால் வேலை போய்விடும் என்பதால், வீட்டுப் பெரியவர்களைத் தவிர யாரிடமும் சொல்லக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "சுடறதுக்கு எனக்கு வரவே இல்லடி. கதவச் சாத்திக்கிட்டு, இன்னைக்கு என்ன சாப்ட, யார் தலை பின்னி விட்டாங்கன்னு கேப்பேன்" என்றாள்.

அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுப்படி வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தேன். படியில் சித்தப்பா மகள் இயர்போனை மாட்டிக்கொண்டு "ம், வந்துட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள். போனை இறக்கலாம் என்று சித்தப்பா சொன்ன பிறகும் அப்பா கையை உள்ளே இழுக்கவில்லை. எனக்காக அவர் ஒருநாளும் அப்படி நின்றதில்லை என்று நினைத்து நினைத்துப் புழுங்கினேன். எனக்காக அப்படி நிற்கவேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று தோன்றுகிற வயதில்லை அது.