மதகோடு திரும்புகிறவர்கள்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன வாரத்திலிருந்து காலையில் ஏரிக்கரையில் நடக்கிறேன். தனியாக நடக்கக் கூச்சம். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் சிநேகிதியையும் சேர்த்துக்கொண்டேன். என்னைவிட ஆறு வயது சின்னவள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். யாரோடும் சட்டென்று பேச வராது எனக்கு. அவளோடு மட்டும்தான் பேசுவேன். அவள் வாசலில் நின்று ‘அக்கா’ என்று கூப்பிட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி.

எங்கள் ஏரிக்கரையின் ஒரு முனையில் ஊர், மறுமுனையில் காலனி, நடுவில் மதகு. ஊர்ப் பெண்கள் மதகு வரை நடந்து திரும்புவோம். காலனிப் பெண்களும் அந்தப் பக்கமிருந்து மதகு வரை வந்து திரும்புவார்கள். அப்படி யாரும் சொல்லி வைக்கவில்லை. கரைக்கு மண் போட்டது நூறு நாள் வேலையில் இரண்டு பக்கத்துப் பெண்களும் சேர்ந்துதான். ஆனாலும் மதகு வந்தால் கால் தானாகத் திரும்பும். எதிரெதிரே வருவோம், முகம் பார்க்காமல் முதுகு காட்டிப் போவோம். இத்தனை வருஷம் அதில் எனக்கு எதுவும் தப்பாகத் தெரிந்ததில்லை.

ஒருநாள் மதகருகே சிநேகிதியின் செருப்பு வார் அறுந்துவிட்டது. என் தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். நான் ஒன்றைக் கழற்றுவதற்குள், எதிரே வந்த காலனிப் பெண் தன் ஊக்கை நீட்டிவிட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மரவள்ளிக் கிழங்கு மில்லில் வேலை.

“இந்தாங்க, குத்துங்க. ஊடு வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல செருப்போட இஷ்டமுங்க.”

சிநேகிதி சிரித்தாள். “நல்லா இருப்பீங்க, அக்கா” என்றாள்.

காலனியில் எவ்வளவு வயதானவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் எங்கள் தெரு வழக்கம். அவள் அதை மீறியது எனக்கு உறைக்கவில்லை. அந்த ‘அக்கா’ என்னுடையது என்பதுதான் உறைத்தது.

மறுநாள் மதகில் நின்று இருவரும் பேசினார்கள். அடுத்த வாரம் சிநேகிதி மதகைத் தாண்டினாள்.

“வாங்க்கா, அந்த வேப்பமரம் வரைக்கும் போயிட்டு வரலாம்.”

“எனக்கு முட்டி வலிக்குது புள்ள. நீ போயிட்டு வா.”

முட்டியில் ஒரு வலியும் இல்லை. மதகுச் சுவரில் உட்கார்ந்து, தூரமாகப் போகும் இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மேல் சிரிப்புச் சத்தம் வந்தது. என்ன பேச்சு என்று மட்டும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் அவர், “பாத்துப் போ அம்முணி” என்று சிநேகிதியை அனுப்பி வைத்தார். என்னைப் பார்த்து வெறுமனே தலையாட்டினார்.

“அப்படி என்ன புள்ள சிரிப்பு?”

“அவுங்க மில்லு மேஸ்திரி கதைங்க்கா. அவுங்க சொன்னாத்தான் சிரிப்பு வரும், நான் சொன்னா நல்லாருக்காது.”

அன்று ஒரு ஜாக்கெட்டுக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

இப்படியே ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் சிநேகிதி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் வீட்டில் காப்பி குடித்தாளாம். “என்ன வாசமுங்க்கா!” என்றாள். பதினைந்து வருஷமாக என் வீட்டில் காப்பி குடிக்கிறாள். ஒருநாளும் வாசம் என்று சொன்னதில்லை.

அன்று மத்தியானம் அவள் மாமியார் ஜாக்கெட் வாங்க வந்தார். நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்: “உங்க மருமவ காலனி ஊட்டுல காப்பி குடிச்சுட்டு வாராளுங்க, அத்தை.”

சாதியை நினைத்து எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் எங்கள் ஊரில் எதைச் சொன்னால் வெட்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

மறுநாள் வாசலில் ‘அக்கா’ கேட்கவில்லை. நானே போனேன். “இனி அவ நடக்க வரமாட்டா. ஊட்டச் சுத்தி நடந்தாப் போதும்” என்றார் மாமியார். விளக்குமாறும் கையுமாக வந்த சிநேகிதி என் காதருகே குனிந்து, “யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க்கா” என்றாள். என்னிடமே சொன்னாள்.

தனியாகக் கரைக்குப் போனேன். மதகில் அவர் காத்திருந்தார்.

“ஏனுங்க, அம்முணி வரலீங்களா?”

“வரமாட்டா. அவ மாமியாகிட்ட நான்தான் சொல்லிட்டேன்.”

எப்படி வாய் வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

“நெனச்சேனுங்க. தெனமும் இந்தச் சொவத்துல உக்காந்து எங்களையே பாத்துட்டு இருந்தீங்க. நீங்க சொல்லிட்டு ஊட்டுக்குப் போயிட்டீங்க. எம் மருமவ நாளைக்கு உங்க ஊரு சொசைட்டிக்குப் பால் ஊத்த வருவா. அங்க நாலு பேரு அவளக் கேப்பாங்க. அத நெனச்சீங்களா?”

நினைக்கவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார்.

இரண்டு நாள் மிஷினில் உட்கார முடியவில்லை. மூன்றாம் நாள் காலை மதகைத் தாண்டினேன். வேப்பமரத்துக்கு அடுத்த வீடு. அவர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண்கள் இருவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

“காப்பி இருக்குதுங்களா, அக்கா?”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “சக்கரை போட்டா, போடாமயா?”

“போடாமங்க.”

நின்றுகொண்டே குடித்தேன். உட்காரச் சொல்லவில்லை. காப்பி என் காப்பியைவிட நன்றாக இருந்தது. அந்த நேரத்திலும் அது எனக்குப் பொறுக்கவில்லை.

நேராக சிநேகிதி வீட்டுக்குப் போனேன். “நானும் இப்ப அங்கதான் காப்பி குடிச்சுட்டு வாரேனுங்க, அத்தை. பேசறவங்க எங்க ரெண்டு பேரையும் சேத்தே பேசட்டும்” என்றேன். “உனக்குமா புத்தி கெட்டுப் போச்சு?” என்று மாமியார் திட்டிய திட்டில் தெருவே வெளியே வந்தது. மாமியார் கோபம் ஆறி சிநேகிதி நடக்க வர இன்னும் பத்து நாள் ஆயிற்று.

வந்த அன்றே, யார் போட்டுக் கொடுத்தது என்று சொல்லிவிட்டேன். என்னைத் தாண்டிப் போய் அவரோடு சேர்ந்துகொண்டாள். நான் பின்னாலேயே வேப்பமரம் வரை நடந்தேன். அவள் மறுபடி ‘அக்கா’ என்று கூப்பிட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது மூவரும் நடக்கிறோம். எங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் மதகில் திரும்புவதில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் சிலர் எங்கள் பிள்ளையார் கோயில் முக்கு வரை வருகிறார்கள். மற்றவர்கள் இன்னும் மதகோடுதான்.

கரையின் மேல் இருவர்தான் சேர்ந்து நடக்க முடியும். மூன்றாம் ஆள் பின்னால் வர வேண்டும். பெரும்பாலும் நான்தான். நேற்று அவர் என்னோடு சேர்ந்து நடந்து மேஸ்திரி கதை சொன்னார். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், கொஞ்சம் வேண்டுமென்றே.

“என்னங்க்கா அப்படிச் சிரிப்பு?” என்றாள் பின்னால் வந்த சிநேகிதி.

“நான் சொன்னா நல்லாருக்காது புள்ள” என்றேன்.