கொடியில் கிடந்த சட்டை

கல்லூரியில் என் பெயர் 'பழைய படம்'. தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் பி.காம். படித்தேன். இடுப்பில் மடிப்பு மடிப்பாக வைத்துத் தொளதொளவென்று தைத்த பேகி பேன்ட்தான் அப்போது எல்லோருக்கும் உயிர். நான் மட்டும் பெல்பாட்டமும், தோள்பட்டை வரை நீண்ட நாய்க்காது காலர் சட்டையுமாக வகுப்புக்குள் நுழைவேன். "ஏலே, பழைய படம் வந்துட்டு, லைட்டை அணைங்கலே!" என்று கடைசி பெஞ்சிலிருந்து சத்தம் வரும். ஆரம்பத்தில் அழுகையாக வந்தது. அப்புறம் ரோஷம் வந்துவிட்டது. நாலு பேர் சிரிக்கிறார்கள் என்று சட்டையை மாற்றிக்கொள்கிற ஆள் நான் இல்லை. மாற்றிக்கொள்ள வேறு நல்ல சட்டை இல்லை என்பதும் ஒரு காரணம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அந்தச் சட்டையைக் கொடுத்தது அம்மா. கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள் காலையில் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து, தேய்த்து, என் கையில் கொடுத்தாள். காப்பிப்பொடி நிறத்தில் டெரிலின் துணி. அதில் பெரிது பெரிதாக மஞ்சள் வளையங்கள். "உங்க அப்பா சட்டைலே. போடு" என்றாள்.

அப்பாவை எனக்குத் தெரியாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது மஞ்சள்காமாலையில் போய்விட்டார். கல்யாணப் போட்டோ ஒன்று உண்டு. அதிலும் கழுத்திலிருந்து இடுப்புவரை மாலைதான் தெரியும். எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் செத்தவர் உடுத்திய துணியில் ஒரு துண்டைக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். கருமாதியன்று எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் துணி வெளுக்கிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஏதாவது ஒன்றை வைத்திருந்தால் போனவர் போகமாட்டார், வீட்டையே சுற்றிவருவார் என்பார்கள். அம்மாவுக்கு அவர் சுற்றிவந்தால் தேவலை என்று இருந்திருக்கும்.

அப்போது நாங்கள் அம்பாசமுத்திரத்தில் பெரியப்பா குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். கருமாதியன்று பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது கொடியில் இந்தச் சட்டை காய்ந்துகொண்டிருந்ததாம். மற்றதெல்லாம் ஏற்கெனவே மூட்டைக்குள் போயிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதை உருவி ஈரச் சேலைக்குள் செருகிக்கொண்டாள். பின்னால் அம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்து, நாலைந்து குடித்தனங்கள் இருந்த ஒரு வளவில் வீடு பிடித்து வந்தபோது, சட்டையும் பெட்டிக்குள் இருந்து எங்களோடு வந்தது. அம்மாவிடம் அப்பா என்று இருந்தது அது ஒன்றுதான்.

சட்டையின் அடி ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தல் தைக்கப்பட்டிருந்தது. தையல் கோணல் மாணலாக இருக்கும். அம்மா அதைத் தடவிக்காட்டிச் சிரிப்பாள். "தீவாளி வெடி பட்டிருக்கும். நான் ஏசுவேன்னு எனக்குத் தெரியாம அவுகளே தச்சிருக்காக. ஆம்பளைத் தையல், பாரேன்." அப்பாவைப் பற்றி அவள் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை இது மட்டும்தான். மற்றக் கதைகள் எல்லாம் ஆஸ்பத்திரியில் போய் முடியும்.

அந்தத் தையலைப் பார்த்துத்தான் நானும் ஊசி பிடித்தேன். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வராமலா போகும் என்று ஒரு திமிர். ஜங்ஷனில் மேம்பாலத்தின் பக்கத்தில் சாயங்காலமானால் மேலப்பாளையத்து பாய் ஒருவர் தார்ப்பாயை விரித்துப் பழைய துணியைக் குவித்துவைப்பார். வெளிநாட்டுத் துணி, உள்ளூர்த் துணி, பாத்திரத்துக்குப் போட்ட துணி எல்லாம் அதில் கிடக்கும். மற்றவர்கள் அங்கே முகத்தை மறைத்துக்கொண்டு வாங்குவார்கள். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து குவியலைக் கிண்டுவேன். சட்டை எந்தக் காலத்தது என்று அதன் காலரைத் தொட்டே சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். யாரோ தூக்கி எறிந்த பெல்பாட்டம்களை எடுத்துவந்து, வெந்நீரில் போட்டு அலசி, இடுப்பைப் பிடித்து, அடியைப் பிரித்துவிட்டுத் தைப்பேன். பித்தளைக் கொக்கி வைத்த அகல பெல்ட்டும், சதுரமான பழைய கண்ணாடி பிரேமும் அங்கேதான் கிடைத்தன. எல்லாமே அந்த ஒரு சட்டைக்குப் பொருத்தமாகத் தேடியவை.

இரண்டாம் வருஷம் கேலி நின்றுபோய், "எங்கடே பிடிச்சே இந்த பேன்ட்டை?" என்று பைய வந்து கேட்க ஆரம்பித்தார்கள். லைட்டை அணைக்கச் சொன்னவனே ஆண்டுவிழாவுக்கு அந்த மஞ்சள் வளையச் சட்டையை இரவல் கேட்டான். கொடுக்க மாட்டேன் என்றேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நான் அதைப் போட்டது அவர்களுக்காக இல்லை. அந்தச் சட்டையைப் போடுகிற நாளில் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வளவு வாசல்வரை வருவாள். நான் தெருமுனை திரும்புகிறவரை நிற்பாள். நானும் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன். முதுகை அவளுக்குக் காட்டிக்கொண்டு நடப்பதற்காகவே பிறந்தவன்போல எனக்குத் தோன்றும்.

அம்பாசமுத்திரம் போகும்போது மட்டும் அதைப் போடக்கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. பெரியப்பா பார்த்துவிட்டால் செத்தவன் துணியை ஒளித்துவைத்தது தெரிந்துபோகும். பெரியப்பா நல்ல மனிதர். சத்தம்தான் ஜாஸ்தி. ஆனால் இப்படிப்பட்ட விஷயங்களில் ஒரு நூல் பிசகவும் விடமாட்டார்.

மூன்றாம் வருஷம் ஆனித் தேரோட்டம் பார்க்க வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அந்தச் சட்டையோடு வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஓடி ஒளிய நேரமில்லை. என்னைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ டே, எந்திரி பாப்பம். இது என் சட்டைல்லா!"

பயந்துகொண்டே எழுந்தேன். ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு தீவாளிக்கு எனக்கும் உங்க அப்பனுக்கும் ஒரே பீஸ்ல எடுத்துத் தச்சது. ரெண்டு பேரும் பேண்டு வாத்தியக்காரனுவ மாதிரி இருக்கோம்னு தெருவே சிரிச்சுது" என்றார். அப்பாடா, மனிதர் தப்பாக நினைத்துக்கொண்டார், நல்லதாகப் போயிற்று என்று மூச்சுவிட்டேன். அதற்குள் அவர் குனிந்து சட்டையின் அடி ஓரத்தைப் பிடித்துத் திருப்பினார்.

"இந்தா இருக்கு பாரு. புஸ்வாணம் தெறிச்ச ஓட்டை. உங்க பெரியம்மை ஏசிக்கிட்டேதான் தச்சா. அவ தையலு லெச்சணத்தப் பாரு, கோணல் மாணலா!"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா உள்ளேதான் இருந்தாள். அந்தச் சின்ன வீட்டில் பெரியப்பாவின் தொண்டைக்குக் கேட்காத இடம் கிடையாது.

"இதைக் காணும்னு எவ்வளவு தேடுனோம் தெரியுமா? மூட்டையோட சேத்து அள்ளிட்டுப் போயிட்டீருன்னு வெளுக்கிறவருகூட உங்க பெரியம்மை சண்டைக்கே போயிட்டா. எப்படிடே இங்கன வந்துது?"

அதற்கு என்ன பதில் சொல்வது? உங்கள் தம்பி சட்டை என்று நினைத்து அம்மா எடுத்துவைத்தாள் என்றால், துக்க வீட்டில் செத்தவன் துணியைத் திருடியவள் ஆவாள். அதைச் சொல்லாவிட்டால், புருஷனின் அண்ணன் சட்டையை இத்தனை வருஷம் பெட்டிக்குள் பொத்திவைத்தவள் ஆவாள். எங்கள் சொந்தத்தில் இரண்டில் எது காதில் விழுந்தாலும் அம்மா தலைநிமிர முடியாது. என் வாயில் தானாக வந்தது இதுதான்:

"ஜங்ஷன்ல ரோட்டுக்கடையில எடுத்தேன் பெரியப்பா. நான் பழைய துணிதான போடுதேன்."

பெரியப்பா அசந்துபோனார். உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏம்மா, கேட்டியா? என் சட்டை ஊரெல்லாம் சுத்திட்டு நம்ம வீட்டுக்கே வந்திருக்கு!"

அம்மா காப்பி கொண்டுவந்தாள். "ஆமா அத்தான். அதிசயந்தான்" என்றாள். அவர் கிளம்புகிறவரைக்கும் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் சிரித்தாள். பெரியப்பா சாகிறவரை கல்யாணவீடு, சடங்குவீடு என்று ஒரு இடம் விடாமல் இந்த அதிசயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா சட்டையைக் கழற்றித் தரச் சொன்னாள். மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் கிடந்த சட்டை, மூட்டைக்குப் போகாத சட்டை, உயிரோடு இருக்கிறவர் சட்டையாகத்தானே இருக்கும்? இரண்டு சட்டை உண்டு என்பதும் அம்மாவுக்குத் தெரிந்ததுதான். ஈரச் சேலையோடு வந்தவளுக்கு அன்று அது தோன்றவில்லை. பிறகு தோன்ற அவள் விடவில்லை.

"பெரியப்பாவுக்கு மறதி இருக்கும்மா. ரெண்டும் ஒரே மாதிரி சட்டைதானே" என்றேன்.

"புஸ்வாணம் தெறிச்சத அவுக பாத்திருக்காக. நான் பாக்கலயே" என்றாள். சட்டையை மடித்துக்கொண்டே, "நான் ஏசுவேன்னு பயந்து தச்சாகன்னு சொல்லிட்டிருந்தேன் பாரு. நான் உங்க அப்பாவ ஒரு நாளும் ஏசுனதே இல்லல. ஏசுற அளவுக்குப் பழகவே இல்ல" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா செத்ததற்கு அழுவதற்கு எனக்கு அதுவரை வாய்ப்பே வந்ததில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் எங்கள் வீட்டைவிட்டுப் போனார் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு நான் அந்தச் சட்டையைத் தொடவில்லை. அம்மாவும் எடுத்துக்கொடுக்கவில்லை. என் மற்ற உடுப்பெல்லாம் அதற்காகச் சேர்த்தவை என்பதால், கண்ணாடியில் பார்த்தால் வேஷம் போட்டவன்போல இருந்தது. வேறு இல்லாததால் போட்டுக்கொண்டு போனேன். அம்மா அடுப்பைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். "வெளுக்கிறவுக கொண்டுபோற துணியெல்லாம் எங்கனல போகும்?"

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அவுக உடுத்துனது போக மிச்சத்தப் பழைய துணிக்காரங்ககிட்டப் போட்டுருவாக. அது கைமாறிக் கைமாறி இந்த மாதிரி ரோட்டுக்கடைக்கு வரும்."

"அப்போ உங்க அப்பா சட்டையும் அங்கன கிடக்கலாம்லா?"

பெரியப்பாவிடம் நான் அவிழ்த்துவிட்ட பொய்யில் பாதியை அவள் நம்பிவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அது பொய் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தும் நம்பினாள். இத்தனை வருஷத்தில் டெரிலின்கூட இற்றுப்போகும், அந்தத் துணி என்றைக்கோ கரித்துணியாகப் போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆபீசிலிருந்து நேராக ஜங்ஷனுக்கு வந்துவிட்டாள். கையில் டிபன் பாத்திரப் பை. மற்றவர் உடுத்திய துணியைத் தொட்டால் குளிக்கிற வீட்டில் பிறந்தவள், என்னைக்கூட வாசலிலேயே துணியை முக்கிவைக்கச் சொல்கிறவள், தார்ப்பாய் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் குவியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். காப்பி நிறத்தில் எது தெரிந்தாலும் உருவினாள். வாழை இலைப் பச்சை, கத்தரிப்பூ, கோடு, கட்டம் எல்லாம் வந்தன. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

பாய்க்கு என்னை நன்றாகத் தெரியும். அம்மா என்று தெரிந்ததும் மரியாதையாக எழுந்து வந்தார். "தம்பிக்கா எடுக்கிய அக்கா?"

"இல்ல. இவங்க அப்பாவுக்கு" என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

"அப்படியா. அண்ணாச்சிக்கு என்ன அளவு? சொல்லுங்க, நான் எடுத்துத் தாரேன்."

அம்மாவின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை பார்த்தாள். அந்தச் சட்டை எனக்குத் தைத்துவைத்தது போல இருந்ததால், அப்பாவும் இந்த அகலம், இந்த உயரம் என்றே நாங்கள் இருவரும் இருந்துவிட்டோம்.

"இவன் அளவுதான்னு நெனச்சிருந்தேன்" என்றாள். பாய் புரியாமல் காத்துக்கொண்டு நின்றார். அம்மா மறுபடி குவியலைப் பார்த்தாள். "தெரியலையேய்யா. அவுக அளவு எனக்குத் தெரியல."

"அளவு தெரியாம எப்படிக்கா எடுக்கது?" என்று ஆதங்கத்தோடு சொல்லிவிட்டு, பாய் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். அம்மா எழுந்திருக்கவில்லை. நான் அவள் பக்கத்தில் குந்தி, அவள் பார்த்துத் தள்ளிய துணிகளையே மறுபடி ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட ஆரம்பித்தேன்.