விறகுக்கு வந்த கட்டிங் மாஸ்டர்

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு நெஞ்சுச்சளி பிடித்து, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. அடுத்த குளிருக்குப் பச்சைத்தண்ணீர் மேலே படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் புரட்டாசி பிறந்ததிலிருந்தே எனக்கு வெந்நீர்க் கவலை. கேஸ் சிலிண்டர் சொன்ன நாளில் வராது. கரண்ட்டும் அப்படித்தான். கரண்ட் இருந்தாலும்கூட, வாளிக்குள் ஹீட்டர் கம்பியைப் போட எனக்குப் பயம். மழைக்கு முன்னால் விறகு வாங்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

விறகுக்கடைக்கு என் கணவர் தான் வேலை பார்த்த பனியன் கம்பெனியிலிருந்து போன் செய்தார். கம்பெனி என்றதும், சாயப்பட்டறை பாய்லருக்குத்தான் கேட்கிறார்கள் என்று கடைக்காரர் நினைத்துவிட்டார். குட்டியானை வண்டியில் வந்து இறங்கியவை தலையணைப் பருமனில் முழு முழுக் கட்டைகள். எங்கள் வீட்டுப் பின்னால், ஷீட் கூரைக்குக் கீழே இருந்த அடுப்போ மூன்று செங்கல்.

பக்கத்திலேயே குடியிருந்த வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார். "இது வெந்நி வெக்கறதுக்குங்களா, தேர் செய்யறதுக்குங்களா? மழ வர்றதுக்குள்ள கட்டிங்குக்கு ஒரு ஆளச் சொல்லு கண்ணு."

ஷிப்மென்ட் அவசரம் என்று என் கணவர் அப்போது கம்பெனியிலேயே தங்கியிருந்தார். கட்டைகளைப் பார்க்கவில்லை. போன் செய்தேன். அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல்.

"ஏனுங்க, கட்டிங்குக்கு ஒரு ஆள அனுப்புங்க. குளிருக்கு முன்னாடி முடிக்கோணும்."

"அனுப்பறேன் அனுப்பறேன். நானே நெனச்சேன்!" என்றார், சந்தோஷமாக.

எதை நினைத்தார் என்று கேட்டிருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்தார். திருநெல்வேலிக்காரர். டீ கொடுத்தேன். ஆற அமரக் குடித்துவிட்டு, "பீஸு எங்கம்மா கெடக்கு?" என்றார்.

"பின்னாடிங்க."

"எவ்வளவு இருக்கும்?"

"ஒரு வண்டிங்க."

டம்ளரை இறக்கினார். "ஒரு வண்டியா? புள்ளைக்குத்தான்னுலா சார் சொன்னாவ?"

"புள்ளைக்குத்தானுங்க. குளுரு முடியற வரைக்கும் வேணுமில்லீங்களா. கொஞ்சம் ஈரமா வேற இருக்குது."

"ஈரத்துல வெட்டக்கூடாதும்மா. காஞ்சா சுருங்கிரும்."

"சுருங்கினா நல்லதுதானுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பையைத் திறந்து பெரிய கத்தரிக்கோல், இஞ்ச் டேப், சாக்பீஸ் மூன்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. மகளுக்குக் குளிர்த்தொப்பி தைக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். என் கணவர் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரையே அனுப்பியிருக்கிறார்.

கட்டைகளைக் காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். "வந்தது வந்தாச்சு. அடுப்பு வாய் அளவு என்ன?" என்று உட்கார்ந்துவிட்டார்.

அடுப்பு வாயை அளந்தார். ஒவ்வொரு கட்டையின் மேலும் டேப்பை ஓட்டி, சீரான இடைவெளியில் சாக்பீஸ் கோடு போட்டார். வீட்டுக்கார அம்மா ஒரு கோடாரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏனுங்க மாஸ்டர், கழுத்து ரவுண்டுங்களா, வீ-ங்களா?" என்றார். மாஸ்டர் நிமிரவில்லை. "காலர் வச்சே தாரேன், நீங்க தள்ளி நில்லுங்க."

ஒரே போடு. கோடாரி கட்டைக்குள் இறங்கியது, திரும்பி வரவில்லை. மாஸ்டர் இழுத்தார், நான் இழுத்தேன், அந்த அம்மா எங்கள் இருவரையும் இழுத்தார். அவிநாசிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. உள்ளே மகள் இருமினாள். காலையில் இவளை எதில் குளிப்பாட்டுவேன்?

கோடாரியை விட்டுவிட்டு மாஸ்டர் அடுப்பு வாயை மறுபடி அளந்தார். முகம் சுருங்கியது. இன்னொரு முறை அளந்தார்.

"மொத அளவும் இப்ப எடுத்த அளவும் சேர மாட்டேங்குதே!"

டேப் செருகும்போதெல்லாம் செங்கல் நகர்ந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் அந்தச் செங்கல்லையே பார்த்தோம். நான் காலால் மெல்லத் தள்ளினேன். அது மரியாதையாக விலகிப் போனது.

செங்கல்களை அகலமாக வைத்து, வேறொரு கட்டையை வெட்டாமலே ஒரு முனையை உள்ளே செருகினோம். மிச்சக் கட்டைகளை மழை தொடங்குவதற்குள் ஷீட்டுக்கு அடியில் இழுத்துப் போட்டோம். இடம் போதாமல் இரண்டு, வீட்டுக்குள் மகளின் தொட்டிலுக்குக் கீழே வந்தன. தேள் இருக்குமோ என்று டார்ச் அடித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு தொட்டிலை நகர்த்தினேன்.

திரும்பிப் போன மாஸ்டர் அன்றைக்கே கம்பெனியிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணி கொடுத்தனுப்பினார். காலையில் அதைப் பற்றவைத்து, கட்டையை மூட்டினேன். ஈரக்கட்டை புகைந்து புகைந்து எரிந்தது. தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தேன். சூடு அதிகமோ என்று கொஞ்சம் விளாவினேன். ஆறிவிட்டதோ என்று மறுபடி சுடவைத்தேன். மகள் வெந்நீரில் குளித்துச் சிரித்தாள். அன்றைக்கு இருமவில்லை. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகுமா என்று அடுத்த கவலை எனக்கு.

அந்தக் குளிர் முழுக்க, கோடாரி செருகியது செருகியபடியே ஒரு கட்டை ஓரமாகக் கிடக்க, மற்றதை எல்லாம் தினமும் ஒரு சாக்பீஸ் கோடு வரை அடுப்புக்குள் தள்ளினேன்.

ஷிப்மென்ட் முடிந்து அந்த வாரமே வந்த என் கணவர், கோடு போட்ட கட்டைகளைத் தாண்டி உள்ளே வந்து மகளின் தலையைத் தடவிப் பார்த்தார்.

"கட்டிங் முடிஞ்சுதா? தொப்பி எங்க?"

"அளவு மட்டுந்தான் எடுத்திருக்குதுங்க" என்றேன்.