நரியும் கண்டாக்கையாவும்

ஐம்பதுகளின் கடைசியில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். கலியாணம் முடிந்து ஒரு வருடம். மனைவிக்கு ஏழு மாதம். இருந்த வீடும் தோட்டத்து வீடு, பார்த்த வேலையும் தோட்டத்து வேலை. தோட்டத்தை நடத்துகிற தொரை ஒரு வார்த்தை சொன்னால் இரண்டும் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் டவுனிலிருந்து படம் காட்டும் வேன் வந்தது. கொக்கிப்புழுவைப் பற்றிய சுகாதாரப் படம் ஒன்று, அது முடிந்ததும் பிள்ளைகளுக்காக ஒரு கார்ட்டூன். பள்ளிக்கூட ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு உள்ளே இருட்டாக்கினோம். பிள்ளைகளோடு லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்க வந்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. படம் இங்கிலீஷில் என்பதால் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு.

புழுவில் யாருக்கும் ருசி இல்லை. பிறகு கார்ட்டூன் ஓடியது. ஒல்லியான ஒரு நரி, குண்டான ஒரு கோழியைப் பிடிக்கப் பார்க்கிறது. அவ்வளவுதான் கதை. நரி குழி வெட்டி இலை பரப்பி வைக்கும். கோழி தன் பாட்டுக்குத் தாண்டிப் போகும். என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த நரியே உள்ளே விழும். மரத்தில் பாறாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அதுவும் நரியின் தலையில்தான் இறங்கும். அப்பளமாகத் தட்டையாகிப் போன நரி, எழுந்து உடம்பை உதறிக்கொண்டு மறுபடியும் கிளம்பும். அதில் பேச்சே கிடையாது, எனக்குச் சொல்லவும் ஒன்றும் இல்லை. ஆனால் சனம் சிரித்த சிரிப்பில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

நரி தொப்பி போட்டுக்கொண்டு, கையில் பிரம்போடு, நெஞ்சை நிமிர்த்திப் புதருக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அந்தா பாருங்க, கண்டாக்கையா வாறாரு" என்றேன்.

கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மலையில் அவர்களிடம் வேலை வாங்குகிறவர்தான் கண்டாக்கு. அதே தொப்பி, அதே பிரம்பு, அதே நடை. தேயிலைக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்று பார்த்துவிட்டு, பேசிக்கொண்டு நிற்பவர்கள் முன்னால் திடீரென்று வந்து நிற்பார்.

படம் முடிந்து கம்பளிகளை விலக்கியபோது கடைசி பெஞ்சில் கண்டாக்கையாவும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டாக்கிய பிறகு வந்திருக்க வேண்டும். அவர் என் பக்கம் திரும்பாமல் மனைவியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

"சொல்றதுக்கு வேற ஆளே கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்றாள் என் மனைவி. "கந்தப்பளைக்கு, அக்காவுக்கு ஒரு கடுதாசி போடுங்க. அவரு தொரைகிட்ட சொல்லிட்டா எங்கயாச்சும் போயி நிக்கணுமில்ல."

அடுத்த இரண்டு நாட்களும் கண்டாக்கையா பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைக் கேட்டுவிட்டுப் போனார். இரண்டு தடவையும் நான் பின்வாசலால் நழுவினேன். புதன்கிழமை வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாதை வளைவில் அந்தத் தொப்பி தெரிந்தது. சட்டென்று தேயிலைக்குள் இறங்கிக் குனிந்துகொண்டேன். இன்னும் கொஞ்சம் மறைவாக இருக்கட்டுமென்று பின்னால் நகர்ந்ததில், மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் மல்லாந்து விழுந்தேன். முழங்காலளவு சேறு.

மேலே தொப்பி எட்டிப் பார்த்தது.

"யாரு, மாஸ்டரா? அங்க என்ன செய்றீங்க?"

எனக்குப் பொய் வரவில்லை. "ஒங்களப் பாத்துத்தான் ஒளிஞ்சேங்க."

அவர் பிரம்பை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"ஐயா, அன்னைக்கி நான் தெரியாம..."

"எங்க வீட்டம்மா சிரிச்சாங்க, மாஸ்டர்" என்றார்.

அவர்களுடைய ஒரே மகள் முந்தின வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு அந்த அம்மாவைக் கோயிலில் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை.

"படம் பாக்க வரமாட்டேன்னுதான் சொன்னாங்க. நாந்தான் வற்புறுத்திக் கூட்டியாந்தேன். நீங்க அதச் சொன்னதும் என் தோளப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாங்க. வீட்டுக்குப் போயும் விடல. தொப்பியப் போட்டு நடந்து காட்டச் சொன்னாங்க."

"நடந்தீங்களா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நடந்தேன்" என்றார். "சனிக்கிழம பின்னேரம் தோட்டத்துக் கீழ்ப் பிரிவுக்கு அந்த வேன் வருதாம். நாங்க போறோம். நீங்களும் வந்து சொல்லணும்."

"அந்த வார்த்தைய மட்டும் விட்டுர்றேங்க."

"விட்டுறாதீங்க. அதக் கேக்கத்தான் அவங்க வாறாங்க." நாலடி போனவர் திரும்பினார். "ஆனா மலையில யாராச்சும் என்னய நரின்னு கூப்பிட்டா, ஒங்களத்தான் கேப்பேன்."

சேற்றோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் மனைவி பதறிப்போனாள். "அடிச்சிட்டாரா?"

நடந்ததைச் சொன்னேன். நம்பாமல் இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மூன்று நாட்களாக ஒழுங்காகச் சாப்பிடாத நாங்கள் இருவரும், வீட்டில் இருந்த ஒரு கொத்து அளவு மாவையும் ரொட்டி சுட்டு, சம்பலோடு தின்று தீர்த்தோம்.