அம்மா வரையாமல் விட்ட கிளை

போன மார்ச் மாதம் அம்மாவின் கணினித் திரையில் ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தொழிலைக் கற்றுக்கொள்ள நினைப்பதைக் கிளை கிளையாக வரையும் மன வரைபடம் எந்த அளவுக்கு உதவுகிறது என்று ஓர் ஆய்வு நடக்கிறதாம். மூன்று முறை வீடியோவில் பேச வேண்டும். பேசினால் காபிக்கும் கேக்குக்கும் கூப்பன் உண்டு. அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“கேக் குடுக்குறாங்களாம். எதுக்குடி?”

“ஆய்வுன்னா ஏதாவது குடுக்குறது வழக்கம்மா.”

“பத்தொன்பது வருஷத்துல ஒரு பிஸ்கட் குடுத்தது கிடையாது இவங்க.”

அம்மாவின் பெயர் கூ மல்சுக். வயது ஐம்பத்திரண்டு. ரைஸ் குக்கர் செய்யும் ஒரு கம்பெனிக்கு வரும் புகார் அழைப்புகளுக்குப் பதில் சொல்கிறாள். முன்பு பூச்சொன் நகர ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் அறுபது பெண்களோடு உட்கார்ந்து பேசினாள். அந்த மாடியை மூடியபிறகு எங்கள் வீட்டுச் சின்ன அறையில், துணி மாட்டும் கம்பிக்கும் கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே உட்கார்ந்து பேசுகிறாள். கழிப்பறைக்குப் போனால்கூட ‘இடத்தில் இல்லை’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

புகார் வந்தால் மற்ற ஊழியர்கள் எல்லோரும் திரையில் உள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்பார்கள். அம்மா, “போனைக் கொஞ்சம் குக்கர் பக்கத்துல வைங்க” என்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பக்கவாட்டிலிருந்து ஈரமாகப் புஸ்ஸென்று வந்தால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. மெல்லிய விசில் போல இழுத்தால் ஆவித் துவாரத்தில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஆறியபின் குக்கரின் அடியில் செருகியிருக்கும் சின்ன ஊசியால் குத்தினால் போதும். இப்படி ஏழெட்டுச் சத்தங்கள் அவளுக்குத் தெரியும். கம்பெனி கொடுத்த கையேட்டில் அவை எதுவும் இல்லை.

அவளுடைய ஒப்பந்தம் ஜூன் மாதத்தோடு முடியும். வருடா வருடம் ஜூனில் இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிப்பார்கள். அதனால் மார்ச்சில் வந்த அந்தச் செய்தி அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுத்தால் அதையும் எங்கேயாவது குறித்து வைப்பார்கள் என்று நினைத்துச் சம்மதித்தாள்.

முதல் நாள் வீடியோவில் வந்தவள் பியோ செரின். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெளி நிறுவனத்தின் ஆய்வாளர். திரையின் நடுவில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் ‘குக்கர்’ என்று எழுதினாள்.

“இதுலேருந்து கிளை கிளையா வரைங்க மேடம். ஒரு புகார் வந்தா உங்க மனசுல எதெது எதோட சேருதோ, அப்படியே. வரையும்போது நினைக்கிறதைச் சத்தமா சொல்லிக்கிட்டே வரைங்க.”

“நினைக்கிறதையா?”

“ஆமா மேடம். சரி தப்புன்னு எதுவும் இல்ல.”

அம்மாவுக்கு இதுவே வினோதமாக இருந்தது. எழுதிக் கொடுத்ததைச் சொல்வதுதான் இத்தனை வருட வேலை. நினைப்பதை யாரும் கேட்டதில்லை. இரண்டு கிளை வரைந்தபின் செரின் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“நாளைக்கு நீங்க இல்லைன்னு வச்சுக்குங்க. உங்க இடத்துல புதுசா ஒருத்தர் உட்கார்ந்தா, அவருக்கு இந்தப் படத்துல என்னென்ன இருக்கணும்?”

அம்மாவின் கை நின்றுவிட்டது. “தலை வலிக்குது, மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று சொல்லி வீடியோவை அணைத்தாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் அலுவலகங்களில் யாரையும் நேராகப் போகச் சொல்லமாட்டார்கள். ‘நீங்கள் இல்லாவிட்டால் வேலை நிற்கக் கூடாது, பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு ஒன்று எழுதித் தாருங்கள்’ என்று கேட்பார்கள். அம்மாவின் தோழி யேபுன் அப்படி இருபத்தாறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நான்காவது வாரம் அவளுடைய நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து அந்த இருபத்தாறு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். யேபுன் இப்போது கிம்பாப் கடையில் கடற்பாசித் தாளில் சோறு சுருட்டுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை யேபுன் வீட்டுக்கு வந்தபோது அம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

“உனக்கு மூளை இருக்குன்னு இப்பதான் கண்டுபிடிச்சாங்களா? அதுக்குப் படம் வேற கேக்குதாக்கும்!” என்றாள் யேபுன்.

“விளையாடாதடி. என்ன பண்றதுன்னு சொல்லு.”

“எங்கிட்ட பக்கம் பக்கமா வாங்குனாங்க. உங்கிட்ட கிளை கிளையா வாங்குறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம். கையேட்டைப் பார்த்து அப்படியே வரைஞ்சு குடுத்துடு. பார்க்க லட்சணமா இருக்கணும், உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது.”

“என் மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லு” என்று அம்மா என் புருஷனையும் இழுத்தாள்.

அம்மா அதைத்தான் செய்தாள். இரண்டாவது வாரம், ஆபத்து தொடர்பானவற்றை மட்டும் ஒன்று விடாமல் வரைந்தாள்: ஆவி அடங்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது, முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்றெல்லாம். மிச்சம் முழுவதும் கையேடு. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிறம். செரின் ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, “ரொம்ப நேர்த்தியா இருக்கு மேடம்” என்றாள். அந்த ஒரு நிமிட மௌனத்தை அம்மா இரவுச் சாப்பாட்டின்போது மூன்று தடவை சொன்னாள். “கண்டுபிடிச்சுட்டாளோ?”

ஏப்ரல் கடைசியில் ஒரு மதியம் அம்மாவின் கைபேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தக் ஹியன்ஜி என்ற பெண். தேஜொன் நகரில் ஓர் ஒற்றை அறையில் இருந்துகொண்டு இதே வேலையை அம்மாவின் படத்தை வைத்துக் கற்கிறாளாம். அலுவலகத்தையோ இன்னொரு ஊழியரையோ அவள் நேரில் பார்த்ததே இல்லை.

“அக்கா, மன்னிச்சுக்குங்க. படத்துக்கு அடியில உங்க பேர் இருந்துச்சு. நம்பர் கேட்டு வாங்கினேன்.”

“எம்பொண்ணுக்கும் உனக்கும் ஒரே வயசிருக்கும் போல, அக்காங்கிற. சரி, சொல்லு.”

ஒரு பெரியவர் குக்கரிலிருந்து ஆவி சரியாக வரவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார். படத்தில் இருந்தபடி ஹியன்ஜி அவரைப் பழுது பார்க்கும் மையத்துக்கு அனுப்பினாள். ரப்பர் வளையத்தை மாற்றி அனுப்பினார்கள். சரியாகவில்லை. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அனுப்பினாள். அவர் குக்கரைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை பஸ் ஏறியிருக்கிறார். அவர் கொடுத்த புகார் ஹியன்ஜியின் பெயரில் பதிவானது.

“இது ரெண்டாவது புகார் அக்கா. தகுதிகாண் காலத்துல மூணு ஆனா அனுப்பிடுவாங்க.”

“சத்தம் எப்படி இருந்துச்சு?”

“எந்தச் சத்தம்?”

“குக்கர்ல. விசில் மாதிரி இழுத்துதா?”

“அதை நான் கேக்கலையே... படத்துல அது இல்லையே அக்கா.”

அம்மா அந்தப் பெரியவரின் எண்ணை வாங்கிச் சாப்பாட்டு இடைவேளையில் தானே கூப்பிட்டாள். விசில்தான். ஊசியால் குத்தியதும் சரியாகிவிட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை.

மூன்றாவது சந்திப்பில் வீடியோ வந்ததும் அம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“நேரா கேக்குறேன். இந்தப் படம் எதுக்கு? என்னை அனுப்பவா?”

செரின் தன் முன்னால் இருந்த பட்டியலைப் பார்த்தாள். “அனுபவசாலிகள் பதினோரு பேரைப் பார்த்தேன் மேடம். ஒன்பது பேர் கையேட்டைத்தான் வரைஞ்சு குடுத்திருக்காங்க. உங்களுது மட்டும் இல்ல.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க என்னை நம்பியிருப்பீங்களா?”

“மாட்டேன். இப்பவும் நம்பல.”

“சரிதான் மேடம். எங்கிட்ட, புது ஆளுங்க தனியா கத்துக்கக் கஷ்டப்படுறாங்க, அதுக்குத்தான்னு சொன்னாங்க. அறிக்கையை வாங்கிட்டு அவங்க வேற என்ன செய்வாங்கன்னு சொல்லமாட்டாங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னா அது பொய். எனக்கே மே மாசம் வரைக்கும்தான் ஒப்பந்தம்.”

அம்மா அந்த வட்டத்திலிருந்து புதிதாக ஒரு கிளை இழுத்து ‘சத்தம்’ என்று எழுதினாள். அதிலிருந்து எட்டு சின்னக் கிளைகள். எழுத்தில் வராததைக் குரலாகவே பதிவு செய்யலாம் என்றாள் செரின். அம்மா வாயால் புஸ்ஸென்றும் ஈயென்றும் செய்து காட்டினாள். நான் பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இத்தனை வருடம் சேர்த்ததை ஒருத்தி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், வாங்குவது யார் என்றுகூடத் தெரியாமல்.

“அந்தத் தேஜொன் பொண்ணுக்கு இன்னிக்கே போய்ச் சேரணும். அறிக்கைக்காகக் காத்திருக்க வேணாம்” என்று மட்டும் கடைசியில் சொன்னாள்.

ஹியன்ஜிக்கு மூன்றாவது புகார் வரவில்லை. மே மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். ஜூனில் அம்மாவின் ஒப்பந்தமும் வந்தது. ஆறு மாதம். எப்போதும் ஒரு வருடம் என்று இருக்கும் இடத்தில் ஆறு மாதம் என்று இருந்தது.

“பார்த்தியா? சொன்னேன்ல?” என்றாள் யேபுன்.

“எல்லாருக்கும் ஆறு மாசம்தானாம்.”

“யார் சொன்னா?”

“டீம் லீடர்.”

“அப்ப சரி” என்று யேபுன் வாயைச் சுழித்தாள்.

ஆய்வில் பேசிய மற்றவர்களில் தனக்குத் தெரிந்த எட்டுப் பேரிடம் அம்மா தனித்தனியாக விசாரித்தாள். நான்கு பேர் ஆறு மாதம் என்றார்கள். இரண்டு பேர் ஒரு வருடம் என்றார்கள். மற்ற இருவர் பேச்சை மாற்றினார்கள். அந்த நான்கு பேரும் உள்ளதை வரைந்தவர்களா, கையேட்டை வரைந்தவர்களா என்று அவளால் கேட்க முடியவில்லை. கேட்டால் அவள் எதை வரைந்தாள் என்று சொல்ல வேண்டி வரும்.

கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஆனால் தாளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் டீம் லீடருக்கு ஒரு வரி எழுதினாள்: ‘ஆறு மாதம் ஏன் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.’ இப்படி அவள் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. செய்தி படிக்கப்பட்டுவிட்டது என்று திரை காட்டுகிறது. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, பதில் வரவில்லை. அம்மா தினமும் காலையில் ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன் அதைத்தான் முதலில் பார்க்கிறாள்.