ரீச்சர் திறக்காத ஈமெயில்

ஒரு திங்கட்கிழமை காலை, உரும்பிராயில் உள்ள என் கணினி திருத்தும் கடைக்குச் சாந்தினி ரீச்சர் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, என்ரை ஃபைல் ஒண்டும் திறக்குதில்லை. பேரெல்லாம் மாறிக் கிடக்கு. இங்கிலீசிலை காசு கேட்டு ஏதோ மிரட்டி எழுதியிருக்கு.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் கணினிக்குள் வெளியார் புகும் வழியை நாலு மாதத்துக்கு முன் திறந்துவிட்டவன் நான்தான்.

ரீச்சர் சரித்திரம் படிப்பிப்பவர், ஓய்வுக்குக் கிட்டிய வயது. போரில் இடம்பெயர்ந்து மயிலிட்டிக்குத் திரும்பிக் குடியேறிய பெண்களின் கதைகளை ஒலிப்பதிவு செய்து, மேற்படிப்புக்கு ஆய்வு எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் வீட்டுக் கணினியில் இருந்தன.

“பள்ளிக்கூடத்திலை இருந்து வீட்டுக் கொம்பியூட்டரைப் பாவிக்கேலுமோ? எனக்கு உந்த நுட்பமெல்லாம் தெரியாது. லேசா இருக்கவேணும்” என்று அப்போது கேட்டிருந்தார்.

“ஓம் ரீச்சர், அஞ்சு நிமிச வேலை” என்றேன்.

தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவும் வாசலான றிமோட் டெஸ்க்டொப் போர்ட்டை, ரூட்டரில் இணையத்துக்கு நேரே திறந்துவிட்டேன். கடவுச்சொல், அவர் பெயரும் 123உம். விபிஎன் என்ற பாதுகாப்பான தனிவழி போட்டு அதற்குள்ளால் வரச்செய்வதுதான் முறை என்று கேள்விப்பட்டிருந்தேன், செய்யத் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ரீச்சருக்கு அது கரைச்சல் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தொலைபேசி வந்த அன்றே அவர் வீட்டுக்குப் போய், யார் உள்நுழைந்தார்கள் என்று கணினி பதிந்துவைக்கும் லொக்கைத் திறந்து பார்த்தேன். பிழையான கடவுச்சொல்லோடு ஆயிரக்கணக்கான முயற்சிகள். கடைசியில் ஒன்று சரிவந்து, யாரோ உள்ளே புகுந்திருந்தார்கள். ஃபைல்களோடு, செருகியபடியே கிடந்த பேக்கப் டிஸ்க்கையும் பூட்டிவிட்டிருந்தார்கள்.

“எப்பிடித் தம்பி வந்தது?” ரீச்சர் பின்னால் நின்று கேட்டார்.

லொக்கை மூடினேன். “தெரியாத ஈமெயில் ஏதும் திறந்தனீங்களோ?”

“ஒண்டு வந்ததுதான். திறந்தனோ தெரியேல்லை... ஐயோ, அப்ப என்ரை பிழைதான்.”

“இனிமேல் கவனமா இருங்கோ” என்றேன். வெட்கமில்லாமல் அதையும் சொன்னேன்.

பதிவுகள் மீளவில்லை. பேசியவர்களில் இரண்டு பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு, மயிலிட்டி அம்மா ஒருவர் கைபேசி திருத்தக் கடைக்கு வந்தார். கதையோடு கதையாகச் சொன்னார்: “பாவம் சாந்தினி ரீச்சர். நாங்கள் கதைச்சதைத் தன்ரை கவனக்குறைவாலை துலைச்சுப்போட்டன் எண்டு ஒவ்வொரு வீடாய் வந்து மன்னிப்புக் கேட்டவ.”

கைபேசியைத் திருத்திக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அடுத்த நாள் ரீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

“தெரியாமல் செய்ததைப் பொறுக்கலாம். பழியை ஏன் என்னிலை போட்டனீர்?”

ரீச்சர் கதவைத் திறந்து தெருவைக் காட்டினார்.

“அந்தச் சனத்துக்கு முன்னாலை நான் தலைகுனிஞ்சு நிண்டனான். நீர் போய்ச் சொல்லும்.”

போனேன். மயிலிட்டியில் ஏழு வீடுகள். ஏழிலும், வேலை தெரியாமல் செய்தவன் நான்தான் என்று சொன்னேன். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள்.

விபிஎன் போடுவதைப் பிறகு இரண்டு நாளில் படித்துவிட்டேன். அவ்வளவு சின்ன வேலை அது. ரீச்சர் கேட்டது வசதியை. அதன் ஆபத்தை அறிந்திருக்க வேண்டியவன் நான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் அதை ஏழு வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.