மூன்று கால் காளை

சனிக்கிழமை காலை 8.40. பிரின்ஸ்டன் ஜங்ஷன் நடைமேடையில் என் கணவர் சரவணன் நிபந்தனை போட்டார்: "பிடிக்கலைன்னா பத்தே நிமிஷம், ரிட்டர்ன் ட்ரெயின் புடிச்சுடறோம். டீலா?"

"டீல்" என்றேன். விழித்திரை நோயில் அவருக்குப் பார்வை போய் ஒன்றரை வருடம். ஆஸ்பத்திரி தவிர வேறோர் இடத்துக்கு வர அவர் சம்மதித்தது இதுவே முதல் தடவை.

போகுமிடம் ஃபிலடெல்பியா, நாற்பது மைல் சொச்சம். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில், பார்வையற்றவர்கள் பழம்பொருட்களைத் தொட்டறிய ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்றைக்கு ஒரு சுமேரியக் கல் கிண்ணம். இன்றைய தெற்கு இராக்கில் ஐயாயிரம் வருடத்துக்கு முன் செதுக்கியது.

"கல்லத் தடவ இவ்ளோ தூரமா? நம்ம கிச்சன் கவுன்டரும் கிரானைட்தானே" என்று கேலி செய்துகொண்டு வந்தவர், ட்ரென்டனில் வண்டி மாறும் நெரிசலில் பேச்சை நிறுத்திவிட்டார். என் முழங்கையில் அவர் பிடி இறுகியது.

11.00. எழுபதை நெருங்கும் கேரல் என்ற தன்னார்வலர் வரவேற்றார். அசல் கிண்ணம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மேசையில் அதிலிருந்து அச்செடுத்த பிரதி, தேங்காய் அளவுக்கு. கிண்ணத்தைச் சுற்றிக் காளைகள் வரிசையாக நடக்கின்றன. இடையிடையே பார்லிக் கதிர்கள். சரவணன் ஒப்புக்குத் தடவினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டாவது நிமிடம் அவர் விரல்கள் ஓரிடத்தில் நின்றன.

"சுதா, இந்த மாட்டுக்கு எத்தனை கால்?"

"நாலு இருக்கும்."

"இருக்கும்லாம் வேணாம். எண்ணிச் சொல்லு."

எண்ணினேன். மூன்று! மற்ற காளைகளுக்கெல்லாம் நாலு.

பதினான்கு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தவர். பிறர் விட்ட தப்பைப் பிடிப்பதுதான் அவர் பிழைப்பு. கேரலிடம் சொன்னோம்; அவர் நம்பவில்லை. ஆறு வருடமாக இதைக் காட்டுகிறேன், பிரதி எடுக்கும்போது ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்றார் ஆங்கிலத்தில்.

"அப்ப ஒரிஜினல செக் பண்ணிடலாமே" என்று சரவணன் எழுந்துவிட்டார்.

அந்தக் காளை பெட்டியின் பின்பக்கம் இருந்தது. கேரலும் நானும் தரையில் மண்டியிட்டோம். அவர் சின்ன டார்ச்சை அடிக்க, நான் எண்ணினேன். உடைப்பே இல்லை. நாலாவது கால் வரவேண்டிய இடத்தில் ஒரு கதிர் நின்றது.

"என்னாச்சு? சொல்லேன்!"

"மூணுதான்!"

அவர் சிரித்த சிரிப்பில் காவலர் திரும்பிப் பார்த்தார். "ஐயாயிரம் வருஷமா ஒருத்தனும் இத ரிப்போர்ட் பண்ணலையா!"

கேரல் சரவணன் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டேகால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தோம். தெருவோர வண்டியில் இரண்டு ஃபலாஃபல், பதினெட்டு டாலர்.

"கதிர முதல்ல செதுக்கிட்டான். அப்புறம் காலுக்கு எடம் பத்தல" என்றார், வாய் நிறைய. "பாவம், அவனுக்கும் டெட்லைன் இருந்திருக்கும்."

மாலை 3.30 ரயில். ட்ரென்டனுக்குச் சற்று முன் சக்கரச் சத்தம் மாறியது. தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

"ஆத்துப் பாலம்தானே?"

"ஆமா, டெலவேர்."

"தண்ணி எப்படி இருக்கு?"

எது எப்படி இருக்கிறது என்று இந்த ஒன்றரை வருடத்தில் அவர் என்னைக் கேட்டதே இல்லை. ஜன்னலோரம் நெருங்கி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். பாலம் முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.